தகரத்தின் மேல் ஏறிய ஆடு

எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே சீமைக்கருவேலக் காட்டுக்குள் இருக்கிறது. சுற்று ஊர்களின் கழிவுநீர் முதலில் ஓர் ஆழமான கிணற்றில் வந்து விழும். மோட்டார் அதைத் தொட்டிகளுக்கு ஏற்றும். சுத்தமான தண்ணீரை ஆற்றில் விடுவோம். கோடையில் அந்த ஆற்றுக்கு வேறு தண்ணீர் கிடையாது. அந்த ஈரத்தில் மட்டும் புல் பச்சையாக நிற்கும். அதற்காக ஆடுகள் வேலியைத் தாண்டி வந்துவிடும்.

அன்று மதியம் வேலையில் நான் மட்டும்தான் இருந்தேன். கிணற்றின் மூடி ஒரு பக்கம் உடைந்திருந்ததால், புது மூடி வரும்வரை தகரம் போட்டுக் கல் வைத்திருந்தோம். தகரம் சரியும் சத்தம் கேட்டு ஓடினேன். தினமும் அங்கே ஆடு மேய்க்க வரும் அக்கா எனக்கு முன்பே போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சினை ஆடு உள்ளே விழுந்திருந்தது. கீழே இரும்பு ஏணி முடியும் இடத்தில் ஒரு திட்டு உண்டு. ஆடு அதன்மேல் நின்று அண்ணாந்து கத்தியது.

"ஏணி இருக்குல்ல, எறங்கித் தூக்கிட்டு வாரேன்" என்று சேலையை வரிந்து கட்டினார்.

"வேணாங்க்கா. உள்ள விஷவாயு இருக்கும்."

"ஆடு நிக்கிதுல்ல? அதுக்கு ஒண்ணும் ஆகல, எனக்கு மட்டும் என்ன ஆகப்போகுது?"

கழிவு கலங்கினால் வாயு கிளம்பும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் கண்ணெதிரே ஆடு உயிரோடு நிற்கும்போது எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் ஏணியில் கால் வைத்ததும் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். இருவரும் விழுந்தோம். முழங்கையால் என் நெஞ்சில் இடித்தார்.

"பாவி, வயித்துல குட்டி இருக்குத்தா! விடுத்தா!"

நான் விடவில்லை. ஆட்டின் கத்தல் பாதியில் நின்றது.

இருவரும் எட்டிப் பார்த்தோம். ஆடு முன்னங்கால்களை மடக்கி, தூங்கப்போவதுபோல் சாய்ந்து, தண்ணீருக்குள் வழுக்கியது. துடிக்கவே இல்லை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. எந்நேரமும் கிணற்றிலிருந்து அடிக்கும் நாற்றம் எனக்குத் தெரியவில்லை. வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும் என்றும் சொல்லியிருந்தார்கள். நாங்கள் கிணற்று விளிம்பில் கிடந்தோம்.

"எந்திரிக்கா! ஓடு!"

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கடல்காற்று அடிக்கும் ஆற்றங்கரைக்கு ஓடினேன். தலை சுற்றியது. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யும்போது எண்கள் கண்ணில் நிற்கவில்லை.

வந்தவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு போய் மோட்டாரை நிறுத்தி, வாயுவை அளக்கும் ஒரு கருவியைக் கயிற்றில் இறக்கினார்கள். கொஞ்சம் இறங்கியதுமே அது விடாமல் அலறியது.

"யாராச்சும் எறங்குனீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"நான் கால் வச்சேன். இந்தப் புள்ளதான் இழுத்துப் போட்டுச்சு" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "அது நின்னுச்சேத்தா… பாத்துக்கிட்டுத்தான இருந்தோம்" என்றார்.

மிச்ச ஆடுகளை ஓட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். தீயணைப்புக்காரர்கள் காற்றடித்து வாயுவை வெளியேற்றி, ஆட்டையும் எடுத்துவிட்டு, இனி மோட்டாரைப் போடலாம் என்று சொல்லிக் கிளம்பினார்கள். கிணறு நிரம்பி வழிந்தால் எல்லாம் ஆற்றுக்குத்தான் போகும். அது எனக்குத் தெரியும். சுவிட்ச் கிணற்றை ஒட்டிய சுவரில் இருந்தது. அடுத்த ஷிப்ட் ஆள் வரும்வரை, மோட்டாரைப் போடாமல், அலுவலக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து அந்தப் பக்கம் போகக் கால் வரவில்லை.