கால் என்னுடையது, கண் யாருடையது?

நீ பொய்யன். மட்டாஞ்சேரியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் உன்னைத்தான் சொல்கிறேன். நூறு வருஷத்துப் படம் என்று நீ மாட்டி வைத்திருந்த அந்தப் பெண்ணை என் அடுக்களை ஜன்னலோரம் உட்கார்ந்து வரைந்தவள் நான். ஆனால் சண்டைக்காக மட்டும் இதை எழுதவில்லை. எனக்கு ஒன்று புரியவில்லை.

எழுபதுகளில் எங்கள் தெருவில் கொஞ்சம் வசதி வந்த வீடு என்றால் முன் அறையில் ஒரு பெரிய படம் வேண்டும். அச்சுப் படம் போதாது, கையால் வரைந்தது வேண்டும். குஜராத்தி வீடு, கொங்கணி வீடு, எங்கள் தமிழ் வீடு, எல்லாரும் கேட்டது ஒரே படம்தான். குளத்துப் படியில் குடத்தோடு நிற்கும் பெண். யாரோ பெரிய ஓவியர் வரைந்தது. அசலை நான் பார்த்ததில்லை. என்னிடம் இருந்தது ஒரு மிளகுக் கம்பெனிக் காலண்டர். அதன்மேல் பென்சிலால் சின்னக் கட்டம் போடுவேன், துணியில் பெரிய கட்டம் போடுவேன். இந்தக் கட்டத்தில் இருப்பதை அந்தக் கட்டத்துக்கு மாற்றுவேன். பீற்றிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. பெயரும் எழுத மாட்டேன். அடுத்தவர் படத்தில் எனக்கு என்ன பெயர்?

அந்தக் காலண்டரில் அவளுக்குக் கால் கிடையாது. கணுக்காலுக்குக் கீழே கம்பெனி விளம்பரமும் தேதித் தாளும். கால் இல்லாத பெண்ணை எந்த வீட்டில் மாட்டுவார்கள்? முக்காலியில் உட்கார்ந்து என் காலைப் பார்த்தே வரைந்தேன். என் வலது காலில் இரண்டாம் விரல் பெருவிரல்மேல் ஏறிக் கிடக்கும். சின்ன வயதில் அம்மிக் குழவி விழுந்தது. அதையும் அப்படியே வரைந்தேன். பார்ப்பதைத்தான் எனக்கு வரையத் தெரியும். யாரும் குறை சொல்லவில்லை. எல்லாரும் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

அந்த முகத்தில் கண்ணை மட்டும் என் வீட்டில் வரையக்கூடாது. கண் திறந்த படத்தைத் தெருவழியே தூக்கி வந்தால் தெருவில் கண்டதையெல்லாம் அது வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும் என்று எங்கள் பெண்கள் சொல்வார்கள். சாமி படத்துக்கு உள்ள வழக்கத்தைத் தண்ணீர் தூக்குகிறவளுக்கும் வைத்துவிட்டார்கள். படம் சுவரில் ஏறிய பிறகு நான் போய், ஸ்டூலில் ஏறி நின்று கண் வரைவேன். ஒரு வீட்டில் தேங்காய்கூட உடைத்தார்கள். அந்த வீட்டு மருமகள், "எக்கா, பார்வை கொஞ்சம் அடக்கமா இருக்கட்டும். மாமனார் உக்காந்து சாயா குடிக்கற எடம்" என்றாள். எவ்வளவு அடக்கினாலும் என் கண் பூனை முறைப்பது போலத்தான் வரும். எனக்கே தெரியும்.

நீயும் ஒரு படம் கேட்டாய். கண் இல்லாமல் வாங்கிப் போனாய். "மாட்டிட்டு ஆள் அனுப்பறேன் சேச்சி" என்றாய். ஆள் வரவில்லை. நானே வந்து கேட்டபோது படம் எறணாகுளம் போய்விட்டது என்றாய். இன்னொரு முறை கேட்டபோது செல்லரித்தது, எறிந்துவிட்டேன் என்றாய். சரி, தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து, சுக்கு வாங்கப் போனவள் உன் கடை வாசலில் நின்றுவிட்டேன். தேக்குச் சட்டத்துக்குள் அவள் நின்றாள். புகை காட்டினாயோ, தேயிலைத் தண்ணீர் பூசினாயோ, வர்ணமெல்லாம் பழுத்துக் கிடந்தது. வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முதலில் காலைப் பார்த்தேன். விரல்மேல் விரல் ஏறிக் கிடந்தது.

"இது என் படம்" என்றேன்.

"இது கோவிலகத்துச் சாமானாக்கும் சேச்சி, ராஜா வீட்டுது. நூறு கொல்லம், நூறு வருஷம் ஆச்சு."

செருப்பைக் கழற்றிவிட்டு, நீ வெண்கல உருளி வைத்திருந்த பெஞ்சின்மேல் என் காலைத் தூக்கி வைத்தேன். "பாரு. ரெண்டையும் பாரு."

நீ குனிந்து பார்த்தாய். பார்த்துவிட்டுச் சிரித்தாய். "நூறு கொல்லம் முன்னாடி உள்ள பெண்ணுக்கும் விரல் வளையும் சேச்சி. காலை எறக்குங்கோ, உருளி விக்கணும்."

வெளிநாட்டுக்காரி என் காலைப் போட்டோ எடுத்தாள்.

அப்போதுதான் படத்தில் இருந்தவள் முகத்தைப் பார்த்தேன். கண் இருந்தது. என் பூனைக் கண் இல்லை, உயிருள்ள கண். காலண்டரில் அவள் நேராகப் பார்ப்பாள். இங்கே முகம் நான் வரைந்தபடி நேராகத்தான் இருந்தது, கண் மட்டும் கீழே இறங்கியிருந்தது. அவள் தன் காலைப் பார்த்தாள். அந்த விரலைத்தான் பார்த்தாள். உன்னைத் திட்ட வாய் திறந்தவள் திட்டாமலே வீட்டுக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் வேலை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒருவேளை அசல்லயும் கால் அப்படித்தான் இருக்குமோ? நீ எங்கயாச்சும் கண்டிருப்பே, மறந்திருப்பே" என்றார். கையில் இருந்த கரண்டியை எறிந்தேன். ஆனால் சந்தேகம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. மறுநாள் மறுபடி பார்க்க வந்தேன். படம் இல்லை. "போயாச்சு" என்றாய்.

யாரோ அந்த விரலைக் கவனித்திருக்கிறார்கள். இத்தனை வீட்டில் ஒருத்தரும் பார்க்காததைப் பார்த்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் ஒருத்தியின் கால் என்று தெரிந்துதான் அவள் பார்வையை அங்கே இறக்கினார்களா, கோணல் என்று கேலி செய்தார்களா? படம் என்னுடையது என்றால், அதில் உயிருள்ள இடம் என்னுடையது இல்லை. என்னுடையது இல்லை என்றால், என் கால் அங்கே எப்படிப் போனது? அதற்குப் பிறகு ஒரே ஒரு வீட்டில் கண் வரையப் போனேன். ஸ்டூலில் ஏறினேன். எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்று தெரியாமல் கை நின்றுவிட்டது. இறங்கி வந்தவள் இன்றுவரை வரையவில்லை.

நீ இன்னும் அங்கேதான் இருக்கிறாய். படத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கடைக்குள் கூப்பிட்டுச் சாயா வாங்கிக் கொடுத்துக் காதில் ஓதவும் வேண்டாம். என் காலைப் பார்த்துச் சிரித்த அதே வாசலில், தெருவில் போகிற எல்லாருக்கும் கேட்கும்படி சொல். அந்தக் கண்ணை வரைந்தது யார்?