கோடுகள் பொருந்திய மதியம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் ஜெர்மனியில் இருந்த ஆராய்ச்சி வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான போடிக்கு வந்திருந்தேன். அணுக்கருவுக்குள் அடைபட்டிருக்கும் குவார்க்கு, குளுவான் என்னும் நுண்துகள்கள் பெருவெப்பத்தில் கட்டவிழ்ந்து கலந்துவிடும். அந்தக் கலவையின் அழுத்தம் எவ்வளவு என்பதுதான் எங்கள் கணக்கு. அங்கே என்னோடு வேலை பார்த்த தோழி அதைக் கணினியில் போட்டாள். இங்கே நான் தாளில் போட்டேன். இரண்டும் பொருந்தவேயில்லை.

ஒரு மதியம், மலைமேல் இருக்கும் எங்கள் ஏலக்காய்த் தோட்டத்தைப் பார்க்க வேண்டுமென்று அப்பா கேட்டார். ஜீப்பு போடிமெட்டை நெருங்கும்போது தோழி அழைத்தாள். நான் கடைசியாக அனுப்பிய திருத்தத்துக்குப் பிறகு, மிக உயர்ந்த வெப்பநிலைகளில் வரைபடத்தில் எங்கள் இருவரின் கோடுகளும் ஒன்றாகிவிட்டனவாம். அவளுக்குப் பின்னால் கைதட்டலும் சிரிப்பும் கேட்டன. அதற்குள் சிக்னல் போய்விட்டது.

“என்ன ஆத்தா, கெட்ட சேதியா?” அப்பாவுக்கு வாய் இன்னும் குழறியது.

“இல்லப்பா. கணக்கு சரியா வந்துருச்சு.”

“பெறகு ஏன் அழுகுற?”

“அந்த ரூம்ல நானும் இருந்திருக்கணும்னு தோணுதுப்பா.”

அவர் செயலிழந்த தன் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “எனக்கும் தோட்டத்துக்குள்ள எறங்கி நடக்கணும்னுதான் இருக்கு” என்றார்.

டிரைவர் வேலியோரம் ஜீப்பை நிறுத்தினார். நாங்கள் இறங்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஏலச்செடிகளுக்குள் போகும் பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.