எழுபது மைல் காற்று

கேய்னர் டிரான்டர் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கிராட்லி ஹீத் கடைத்தெருவில் பெண்களுக்கு முடி வெட்டிச் சுருட்டிவிடும் கடை வைத்திருந்தாள். அறுபது வயதானதும் கடையை ஒரு போலந்துக்காரப் பெண்ணுக்குக் கைமாற்றிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வந்த வாரமே கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டு, அதன் பிறகுதான் புருஷனிடம் சொன்னாள்.

"ரெண்டே சீட்டா?" என்றார் கிளைவ்.

"நாம ரெண்டே பேருதானே."

"கூரை துணியாமே. நம்ம ஊரு மழைக்கு அது தாங்குமா?"

"இத்தனை வருஷமா அடுத்தவ தலைக்கெல்லாம் சூடா காத்து ஊதினேன். இனிமே என் தலைக்குக் கொஞ்சம் காத்து அடிக்கட்டும்."

அதற்கு மேல் கிளைவ் எதுவும் கேட்கவில்லை. அவர் எதற்குமே இரண்டு கேள்விக்கு மேல் கேட்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது.

முன்பு அப்படி இல்லை. அவர் வேலை பார்த்தது இரும்புப் பட்டறையில். பழுக்கக் காய்ச்சிய இரும்பை அச்சில் வைத்து, வீட்டுக் கூரை உயரத்திலிருந்து இயந்திரச் சம்மட்டியை இறக்கி அடிக்கிற வேலை. அடி விழும்போது இரண்டு தெரு தள்ளி அலமாரியில் இருக்கிற பீங்கான் கோப்பைகள் கிலுகிலுக்கும். அந்தக் காலத்தில் காதுக்கு ஏது கவசம்? எண்ணெய் துடைக்கிற பஞ்சைக் கொஞ்சம் பிய்த்து அடைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் மதுக்கடையில் எல்லோரும் கத்திக் கத்திப் பேசுவார்கள், அதில் கிளைவின் குரல்தான் உரக்கக் கேட்கும். கதை சொல்லிச் சிரிக்கவைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

நாற்பத்தைந்து வயதுவாக்கில் ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு, அடுப்பங்கரையில் தண்ணீர் கொதித்துக் கெட்டில் கூவுகிற மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தார். அடுப்பில் எதுவும் இல்லை. அந்தக் கூவல் அதன் பிறகு நிற்கவே இல்லை. ஒல்லியான, உச்சமான, மூச்சே வாங்காத ஒரு விசில், தலைக்கு நட்டநடுவில். தூங்கப் போனால் அது பெரிதாகும். அதனால் ரேடியோவில் எந்த நிலையமும் பிடிக்காத இடத்தில் முள்ளை நிறுத்தி, உஸ்ஸென்ற இரைச்சலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பார். கேய்னருக்கு அந்த இரைச்சலில் கண்ணயராது. ஒரு குளிர்காலத்தில் தலையணையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் திரும்பி வரவும் இல்லை.

டாக்டர், "காது இரைச்சல், பழகிக்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கிளைவும் வீட்டில், "ஏதோ சின்னச் சத்தம்" என்று சொன்னதோடு சரி. ஆள் கூட்டத்தில் பேச்சைப் பிரித்துக் கேட்க முடியாமல் போகவே மதுக்கடைக்குப் போவது நின்றது. கதைகள் நின்றன. வயதாக ஆக மனுஷன் முசுடாகிவிட்டான் என்று ஊர் சொன்னது. கேய்னரும் சில நாள் அப்படித்தான் நினைத்தாள்.

கார் ஏப்ரலில் வந்தது. கரும்பச்சை நிறம். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன கிளைவ், ராஜகுடும்பத்துல சம்பந்தம் பண்ணிட்டியா?" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஸ் ஊர்வரை போய் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு வருவதென்று இருவரும் கிளம்பினார்கள். மழை தூறிக்கொண்டிருந்ததால் கூரை மூடியே இருந்தது.

ஹேல்ஸோவன் அருகே விரைவுச்சாலையில் ஏறினார்கள். வேகம் மணிக்கு அறுபது மைலைத் தாண்டியதும் காற்று துணிக்கூரையின் மேல் உறும ஆரம்பித்தது. எழுபதைத் தொட்டபோது கேய்னர் தலையைச் சாய்த்துக் கேட்டாள். கண்ணாடியும் துணியும் சேருகிற மூலையில், அவள் காதுக்குப் பக்கத்தில், ஒரு விசில்.

"கேக்குதா?"

"என்னது?"

"ஊளை மாதிரி. கண்ணாடி ஓரத்துல. புதுக் கார்ல இப்படியா வரும்?"

கிளைவ் காதைத் தீட்டிப் பார்த்தார். அவருக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை.

பத்து மைல் போவதற்குள் கேய்னருக்குப் பொறுமை போய்விட்டது. கண்ணாடியை இறக்கி ஏற்றினாள். மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பாட்டுப் போட்டாள், பாட்டுக்கு மேலேயும் அது கேட்டது. வேகத்தைக் குறைத்தால் நின்றது, கூட்டினால் வந்தது.

"பல்லுக்குள்ள ஊசி விட்ட மாதிரி இருக்கு. நாளைக்கே கொண்டுபோய் அவனுங்க வாசல்ல நிறுத்துறேன். இதை வச்சிக்கிட்டு மனுஷன் எப்படி ராஸ் வரைக்கும் போறது?"

"எப்படி இருக்குன்னு சொன்ன?"

"கெட்டில் கொதிச்சு, அதை எறக்க ஆளே இல்லாத மாதிரி."

கிளைவ் வெகுநேரம் கண்ணாடித் துடைப்பான் போய்வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அது வேகத்தைக் குறைச்சாலும் நிக்கல, கேய்னர்," என்றார்.

"என்ன சொல்ற?"

"நீ கேக்குற சத்தம் எனக்குத் தனியாத் தெரியல. ஏன்னா எனக்குள்ள இருக்கிறதும் அதேதான். கார் நின்னாலும் கேக்கும். நாளெல்லாம் கேக்கும்."

கேய்னர் சாலையிலிருந்து கண்ணை எடுத்து அவரை ஒரு நொடி பார்த்தாள். "சின்னச் சத்தம்னு சொன்னியே."

"சின்னச் சத்தம்தான்."

அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. அந்த விசிலை வாயை இறுக்கிக்கொண்டு கேட்டபடியே ஓட்டினாள். சாலையோரத்து ஸ்ட்ரென்ஷம் ஓய்விடம் வந்ததும் வண்டியை உள்ளே விட்டு நிறுத்தி, ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பத்து மைலுக்கே எனக்கு யாரையாவது அடிக்கணும் போல வந்துச்சு," என்றாள். "நீ ஒருநாளும் ஒரு தட்டைக்கூடத் தூக்கி எறிஞ்சதில்லையே, யோவ்."

"எறியலாம்னு பார்த்தேன். எல்லாம் உங்க அம்மா கொடுத்த தட்டு."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறப் பார்த்தது. கண்ணாடியைப் பார்த்துக் கண்மை சரிசெய்துகொண்டாள்.

பன்றிக்கறி வறுவல் வைத்த ரொட்டியும் டீயும் சாப்பிட்டு முடித்தபோது மழை விட்டிருந்தது. "கூரையைத் திறக்கிறேன். அந்த ஊளையாவது ஒழியும்," என்று பொத்தானை அழுத்தினாள். துணி மடிந்து மடிந்து பின்னால் போய்ப் படுத்தது. கிளைவ் கம்பளித் தொப்பியைக் காது மறைய இழுத்து மாட்டிக்கொண்டார். காற்று இரைந்தால் தலை வெடிக்கப்போகிறது என்று பயந்தே உட்கார்ந்தார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லவில்லை.

ராஸுக்குப் பிரிகிற விரைவுச்சாலையில் ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு. கேய்னர் மிதித்தாள். ஐம்பதில் காற்று தலைமயிரைப் பிடித்தது. அறுபதில் சீட்டுக்குப் பின்னால் ஒரு கனத்த அதிர்வு கிளம்பி முதுகெலும்பில் ஏறியது. எழுபதில் மேலே, முன்னே, பின்னே, எல்லாப் பக்கமும் காற்று வந்து ஒரே பேரோசையாக விழுந்தது. அணைக்கட்டு மதகைத் திறந்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. அதற்குள் தடித்த ஒலி இருந்தது, மெல்லிய ஒலி இருந்தது, கேட்கக்கூடிய ஒலியெல்லாம் இருந்தது. கேய்னர் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

கிளைவ் வழக்கம்போல் உள்ளே தன் விசிலைத் தேடினார். இத்தனை வருஷமும் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் தேடுவார். வலிக்கிற பல்லை நாக்கு தேடுகிற மாதிரி, தன்னையறியாமல். தேடிய இடத்தில் அது இல்லை. இன்னும் உள்ளே தேடினார். இல்லை. காற்றுதான் இருந்தது. தலைக்கு நடுவில், கம்பி மாதிரி அது நின்றிருந்த இடத்தில், காற்று தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தது.

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அசைந்தால் போய்விடுமோ என்று பயம். மால்வெர்ன் மலைகள் ஈரத்தோடு நீலமாகப் பின்னால் நகர்ந்தன. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக் காதுப்பக்கம் போய்த் தொப்பியை நனைத்தது. அது காற்றால் வந்ததா வேறெதனாலா என்று அவருக்கே தெரியாது.

கேய்னர் திரும்பிப் பார்த்தவள் பயந்துபோனாள். தோளைத் தட்டினாள், அவர் திரும்பவில்லை. மாரடைப்போ என்னவோ என்று அடுத்த பிரிவில் விரைவுச்சாலையை விட்டு விலகி, ஒரு வண்டி மட்டுமே போகிற குறுகிய சாலையில் கொஞ்ச தூரம் போய், ஆடு மேய்கிற ஒரு வயலின் வேலிக் கதவுப் பக்கம் வண்டியை ஒதுக்கி எஞ்சினை நிறுத்தினாள்.

"கிளைவ், நெஞ்சு வலிக்குதா? என்னைப் பாரு."

அவர் ஒரு விரலை உயர்த்தினார். பேசாதே என்று.

காற்றிரைச்சல் போய்விட்டது. அது போனதும் விசில் திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சூடாறுகிற எஞ்சின் டிக், டிக் என்றது. ஒரு ஆடு புல்லைப் பறித்து இழுத்தது, பறித்த சத்தம் தனியாக வந்து விழுந்தது. பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததைத்தான் கிளைவ் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் இப்படி ஒரு வெட்டவெளி உண்டென்று அவருக்கு மறந்தே போயிருந்தது. எவ்வளவு பெரியது அது. கதவுச் சங்கிலி ஒருமுறை அசைந்து அதற்குள் விழுந்து மறைந்தது. பக்கத்தில் கேய்னர் மூச்சு விட்டாள். அவள் மூச்சு எப்படி இருக்கும் என்பதையும் அவர் மறந்திருந்தார்.

"நின்னுடுச்சு," என்றார், கிசுகிசுப்பாக.

"எது?"

"கெட்டில்."

கேய்னர் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருவரும் சர்ச்சில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவள் மேலே காட்டி, "வானம்பாடி பாடுது. கேக்குதா?" என்றாள்.

"இல்ல. அது என் காதுக்கு எட்டாது. பரவாயில்ல, அது பாட்டுக்குப் பாடட்டும்."

பிறகு எங்கோ தூரத்திலிருந்து ஒரு நூல்போல அது புறப்பட்டு வந்தது. மெல்ல மெல்ல ஏறிப் பழைய இடத்தில் வந்து நின்றது. கிளைவ் தலையை ஆட்டினார். "வந்துடுச்சு," என்றார். குரலில் கோபம் இல்லை. அன்றைக்கு ராஸில் சாப்பாடு ஆறிப்போகும் அளவுக்கு அவர் பேசினார். பட்டறையின் முதல் நாள் கதையிலிருந்து ஆரம்பித்தார். கேய்னர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விசிலடித்த மூலையைக் கார் விற்ற கடைக்காரர்கள் புது ரப்பர் வைத்துச் சரிசெய்து கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் காது பார்க்கிற பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சிலருக்கு அப்படி நடக்கும். பெரிய இரைச்சல் ஓய்ஞ்சதும் உள்ள இருக்கிறதும் கொஞ்ச நேரம் அடங்கும். ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. ஆனா காத்துல ரொம்ப நேரம் போகாதீங்க, மிச்சம் இருக்கிற காதும் போயிடும்" என்றாள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ராஸுக்குப் பிரிகிற அந்தச் சின்ன விரைவுச்சாலையில் மட்டும், அதுவும் போகும்போது மட்டும் கூரையைத் திறப்பது என்று வைத்துக்கொண்டார்கள். சில நாள் விசில் அடங்கியது. சில நாள் அடங்கவில்லை.

பட்டறையில் அடுத்த சம்மட்டியில் நின்ற கென் டாலோவுக்கும் அதே காது இரைச்சல். கிளைவ் அவரை வற்புறுத்தி ஒருநாள் கேய்னரோடு அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருந்தார். வண்டி திரும்பியதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

"நின்னுச்சாடா?"

"ஒரு மண்ணும் நிக்கல," என்றார் கென். "தொப்பி பறந்துபோச்சு. உன் பொண்டாட்டி ஓட்டின ஓட்டத்துல உயிர் மட்டும் நின்னுச்சு. அதுவே பெருசு."

கிளைவுக்கு மனசு கஷ்டமாக இருந்தது. ஒரே பட்டறை, ஒரே சம்மட்டி, ஒரே காலம். இவனுக்குக் கிடைக்காதது எனக்கு மட்டும் எதற்கு என்று பல நாள் யோசித்தார். கென்னுக்குத் துணையாக மறுபடி மதுக்கடைக்குப் போக ஆரம்பித்தார். மூலையில், சுவரோரம், இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்வார்கள்.

நவம்பரில் ஒரு காலை, பனி வெள்ளையாக உறைந்திருந்தது. அதே வயற்கதவு. அன்று அடங்கிய விசில் திரும்பி வரவே காணோம். காத்திருந்து காத்திருந்து, கிளைவுக்கு முதலில் மகிழ்ச்சியாகவும் பிறகு அச்சமாகவும் ஆகிவிட்டது. காரை விட்டு இறங்கி வேலியோரமாக நடந்தார். காலடியில் உறைந்த புல் நொறுங்கியது. நின்றால் எல்லாம் நின்றது. வயல், மரங்கள், வெளுத்த சூரியன், எல்லாமே தன்னோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதாக இருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். யாருக்கு மரியாதை என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

திரும்பி வரும்போது பாதி வழியில் அது தொடங்கிவிட்டது. கேய்னர் காருக்கு வெளியே நின்று பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, "இன்னிக்கு ரொம்ப நேரம் இருந்துச்சு போல," என்றாள்.

"ஆமா," என்றார் கிளைவ். "ஏறி உட்காரு. குளிருது, கூரையைப் போடு."