புதுநன்மைக் கவுனின் மடிப்பு

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் எனக்குப் பூ வெறுத்துப்போயிற்று. செடியில் பூப்பதைச் சொல்லவில்லை. துணியில் நான் ஊசியால் போட்டுக்கொண்டிருந்த பூவைத்தான் சொல்கிறேன்.

ஆவூரில் கன்னியர் பள்ளிக்கூடத்தில் கற்ற பூத்தையல் அது. கலியாணமான பிறகும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தலையணை உறையில் ஒரு கொடி, கைக்குட்டையில் ஒரு மொட்டு என்று என் ஆசைக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருவரும் கேட்காதவரை எவ்வளவு சுகமாக இருந்தது! பிறகு ஊர் கேட்க ஆரம்பித்தது. "ஒங்க கையி பட்டா துணியே பூக்குதுங்க" என்பார்கள். நானும் புகழ்ச்சிக்கு மயங்குகிற கழுதை, வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. அந்த வருஷம் கோயிலுக்குப் பீடத்துணி ஒன்று. அதன்பின் முதன்முதலாக நற்கருணை எடுத்துப் புதுநன்மை வாங்கும் ஐந்து பெண்பிள்ளைகளின் வெள்ளைக் கவுன்களுக்கு அடியோரம் சுற்றிப் பூ. ஐந்தாவது கவுன் முடிந்தபோது எனக்குள் ஒன்றுமே மிச்சமில்லை. நூல்கண்டைப் பார்த்தாலே குமட்டியது.

ஆறாவது கவுன் என் மகளுடையது.

"எனக்கும் பூ போடுவீங்கள்லம்மா?" என்று கேட்டாள்.

"பூவுமில்ல, பிஞ்சுமில்ல. அடியை மடிச்சுத் தச்சுத் தாரேன், பேசாமப் போட்டுக்க" என்று எரிந்து விழுந்தேன்.

"சரிம்மா" என்று போய்விட்டாள். அழுதிருந்தால் ஓர் அடி கொடுத்து நானும் ஆறியிருப்பேன். அந்தச் "சரிம்மா"தான் என்னை அரித்தது. அரித்தும் என்ன, ஊசியைத் தொடக் கை வரவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்கிற கதையாக, வெறும் மடிப்பைக்கூட நாளை நாளை என்று தள்ளி, ஞாயிற்றுக்கிழமை விடிந்து கோயிலில் முதல் மணி அடித்தபோதுதான் கவுனைக் கையில் எடுத்தேன்.

மடிப்புத் தைப்பது பெரிய வித்தையில்லை. நூல் பிரியாமலிருக்க ஓரத்தில் ஒரு சின்ன மடிப்பு, அதன்மேல் நாலு விரல் அகலத்துக்கு இன்னொன்று. வளர்கிற பிள்ளை, பிறகு பிரித்து இறக்கிக்கொள்ளலாம். கவுனை உள்வெளியாகத் திருப்பி, மேல்துணியில் ஒற்றை இழையை மட்டும் குத்தி எடுத்தால் வெளியே தையல் தெரியாது. பிறத்தியார் பிள்ளைகளுக்கு அப்படித்தான் தைத்தேன். அன்று அந்தப் பொறுமை இல்லை. கவுனைத் திருப்பாமலே முழங்காலில் உறை மாதிரி மாட்டிக்கொண்டு, வெளியிலிருந்தே சரசரவென்று நூலோட்டம் போட்டேன். நன்மை வாங்கும்வரை பச்சைத்தண்ணீர்கூட ஆகாது என்பதால், மகள் வெறும் வயிற்றோடு உள்சட்டையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் மணி அடித்தது. "இந்தா, முடிஞ்சிருச்சு" என்று கவுனை உருவினேன். நான் கட்டியிருந்த நீலப்பூப் போட்ட சீட்டிச் சேலையும் கூடவே வந்தது.

அட பாவி! கடைசி ஒரு சாண் முழுக்கக் கவுனோடு என் சேலையையும் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறேன்.

"மூணாம் மணி அடிச்சிருவாங்கம்மா" என்றாள். அது அடித்தால் பூசை தொடங்கிவிடும்.

பிரிக்க ஏது நேரம்? கத்தரிக்கோலை எடுத்துத் தையலைச் சுற்றி என் சேலையை வெட்டினேன். சேலைத் துண்டு கவுனின் உள்பக்கம் ஒட்டியபடியே இருக்க, அவளுக்கு மாட்டிவிட்டேன். ஓட்டையைக் கொசுவத்துக்குள் செருகிக்கொண்டு இருவரும் ஓடினோம்.

பூசையில் எனக்கு ஒரு ஜெபமும் ஓடவில்லை, தூக்கம்தான் வந்தது. பிள்ளைகள் வரிசையாக முன்னால் போனார்கள். ஐந்து கவுன்களின் அடியில் பூ, ஆறாவதில் கோணல் நூலோட்டம். என் பிள்ளைக்கு நானே இப்படிச் செய்தேனே என்று வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, அந்தத் துண்டையாவது பிரித்துவிடலாம் என்று கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன். மகள் கவுனைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"பிரிக்காதீங்கம்மா. எல்லார்ட்டயும் காட்டிட்டேன். எங்கம்மா எனக்கு மட்டும் உள்பக்கமாப் பூ வச்சிருக்காங்கன்னு சொல்லிட்டேன்."

நான் வைத்த பூ இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? பக்கத்தில் நின்று பார்த்தவள்தானே. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.