ரொட்டி மேல் மூன்று கீறல்

வங்கியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். அதை மாடிப்படிச் சுவரில் கிறுக்கி வைத்தது யார் என்பதுகூட எழுத்தின் வளைவை வைத்தே தெரியும். இருபத்தெட்டு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, மாதிரிக் கையெழுத்து அட்டையை ஒரு பக்கமும் வந்த தாளை மறுபக்கமும் வைத்துக்கொண்டு, இரண்டும் ஒரே கைதானா என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. இதை அவளே சொல்லுவாள், யாரும் கேட்காவிட்டாலும்.

அந்தப் புத்தி வேலையோடு நிற்கவில்லை. கல்யாண வயதில் மூன்று வரன்கள் வந்தன. ஒருவன் அனுப்பிய கடிதத்தை அவன் எழுதவில்லை, அவன் அக்காதான் எழுதியிருக்கிறாள் என்று கண்டுபிடித்தாள். இன்னொருவன் ஜாதகத்தில் பிறந்த தேதியைத் திருத்தியிருந்தான். மூன்றாமவனிடம் ஒரு குறையும் இல்லை. அதுவே பெரிய சந்தேகமாகப் போயிற்று. கடைசியில் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு அறை வீட்டில் ஒண்டிக்கட்டையாக இருந்துகொண்டு, பால்காரரின் ரசீது முதல் பக்கத்து வீட்டு அழைப்பிதழ் வரை எல்லாவற்றையும் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு அவள் நம்பிய ஆள் உலகத்தில் ஒரே ஒருவன்தான். அவள் தம்பி.

தம்பி ரொட்டிக்காரன். ஊரின் பழைய பகுதியில், கார் நுழைய முடியாத கல் பாவிய தெருவில், மணிக்கூண்டுக்கு எதிரே அவனுடைய பேக்கரி. முன்பக்கம் ஆறு மேசை போட்டுக் காபியும் விற்கிறார்கள். அப்பா விட்டுப்போன கட்டடம். அக்காவுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. இருநூறு வருடத்துச் சுவர், செதுக்கிய மரக்கதவு, ஆணி அடிப்பதற்குக்கூட அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் படம் பிடிக்க வர ஆரம்பித்ததிலிருந்து அந்தத் தெருவில் ஒவ்வொரு கட்டடத்தின் மேலும் யாருக்காவது ஒரு கண்.

போன வாரம் தம்பியின் மனைவி ஒரு தாளோடு வந்தாள்.

"அண்ணி, அவரோட பங்கை என் பேருக்கு மாத்தணும்னு அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. உங்களுக்கும் சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்கன்னா பதிவு பண்ணிடலாம்."

"அவன் ஏன் வரல?"

"கடையில வேலை, அண்ணி."

இதைச் சொல்லும்போது அவள் தரையைப் பார்த்தாள். கொடுத்த தண்ணீரை முழுசாகக் குடிக்கவில்லை. படித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன் என்றதும், விட்டால் போதும் என்று கிளம்பிப் போய்விட்டாள். அப்போதே பூதக்கண்ணாடிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

கையெழுத்தைப் பார்த்தாள். அது தம்பியுடையது இல்லை. ஆறு வயதில் சிலேட்டில் எழுதிய நாளிலிருந்து தெரிந்த கை அது. அவன் முதல் எழுத்தை அழுத்தித் தொடங்கி, ஒரே ஓட்டமாக ஓடி, கடைசியில் வாலைச் சுண்டிவிடுவான். இதிலோ ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே அழுத்தம். கோடு நிதானமாக, நின்று நின்று போயிருந்தது. மாதிரியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வரைகிறவர்கள்தான் அப்படிப் போடுவார்கள். பக்கா போலி.

ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. இருபது வருடமாக வாய் நிறைய அண்ணி அண்ணி என்று கூப்பிட்டவள், புருஷன் கையெழுத்தைப் போட்டுக் கட்டடத்தை அமுக்கப் பார்க்கிறாளே என்று பொருமினாள். தம்பி ஒரு வெகுளி. நாளைக்கு அவனைத் தெருவில் நிறுத்திவிட்டால் கேட்க நாதி யார்? வங்கியில் அவள் கற்ற பாடம் ஒன்றுதான்: முதலில் நிறுத்து, பிறகு விசாரி. அதனால் இன்று காலை பதிவு அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாகப் போய் ஆட்சேபனை மனு கொடுத்தாள். இந்தக் கையெழுத்து போலி, போட்டது என் தம்பியின் மனைவி, இதைச் சொல்லும் எனக்கு இருபத்தெட்டு வருட அனுபவம் என்று அடித்து எழுதியிருந்தாள். குமாஸ்தா முத்திரை குத்திக்கொண்டே, "நாளைக்கு அந்தம்மாவுக்கு நோட்டீஸ் போயிடும்" என்றார். போகட்டும் என்று சொல்லிவிட்டு நேரே பேக்கரிக்கு நடந்தாள்.

ஏழெட்டு மாதம் கழித்து வந்தாலும் கடைக்குள் வெண்ணெயும் காபியும் கலந்த அதே வாசனை. கல்லாவில் தம்பியின் மனைவி.

"வாங்க அண்ணி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு விநாடி தாமதமாக வந்ததைப் பூதக்கண்ணாடி மனதில் குறித்துக்கொண்டாள்.

அடுத்து, காபி. அக்கா வந்தால் தம்பியே உள்ளேயிருந்து வந்து, விளிம்பு வரை ஊற்றிய கோப்பையை ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து வைப்பது வழக்கம். "பாத்தியா, ஒரு சொட்டு?" என்று சின்னப் பையன் போல் பீற்றிக்கொள்வான். இன்று மனைவி கொண்டுவந்து வைத்தாள். அடுப்பறைக்குப் போகும் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு; அதன் வழியே அவன் மாவு உருட்டுவது தெரியும். அந்தக் கண்ணாடியில் இப்போது காகிதம் ஒட்டியிருந்தது.

பக்கத்து மேசையில் கடிகாரம் பழுது பார்ப்பவர் பன்னைக் காபியில் தோய்த்துக்கொண்டிருந்தார். அவர் கடை எதிரே. தெருவில் ஈ பறந்தாலும் அவருக்குத் தெரியும்.

"தம்பியப் பாக்க வந்தீங்களா?" என்று குரலைத் தாழ்த்தினார். "நானே பாத்து ரெண்டு மாசம் ஆச்சுங்க. உள்ள யாரையும் விடறதில்ல. மாவு பிசையற ஆளைக்கூட நிறுத்திட்டாங்களாம். என்னவோ நடக்குது. நமக்கு எதுக்கு வம்பு?"

எதுக்கு வம்பு என்று சொல்கிறவர்கள்தான் வம்பைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பூதக்கண்ணாடி எழுந்து ரொட்டி அடுக்கியிருந்த அலமாரிக்குப் போனாள்.

இந்தக் கடை ரொட்டியின் தலையில் மூன்று கீறல் இருக்கும். அடுப்பில் வைப்பதற்கு முன்னால் பிளேடால் சரக் சரக்கென்று கீறிவிடுவான். அப்போதுதான் ரொட்டி வெடிக்காமல் ஒழுங்காக உப்பும். வாங்குகிறவர்கள் யார் அதைப் பார்க்கிறார்கள்? இவள் பார்ப்பாள். தம்பியின் கீறல் மூன்றும் மேலே வலப்புறம் தொடங்கி இடப்பக்கம் சரிந்து இறங்கும். தொடக்கம் ஆழம், முடிவு மெல்லிசு. இன்று அலமாரியில் இருந்த அத்தனை ரொட்டியிலும் கீறல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரே ஆழம். நின்று நின்று போன கோடு.

இதுவும் வேறு கை.

கையெழுத்துப் போட்டது தம்பி மனைவிகூட இல்லை. கையெழுத்துப் போட்டவன்தான் ரொட்டியும் போடுகிறான் என்றால், வேறு ஒருவனை உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அப்படியானால் தம்பி எங்கே?

"அவனைக் கூப்பிடு" என்றாள்.

"கையெல்லாம் மாவு, அண்ணி. அப்புறம் வீட்டுக்கு வரச் சொல்றேன்."

"நானே போய்ப் பாத்துக்கறேன்."

தம்பியின் மனைவி கல்லாவை விட்டு ஓடிவந்து கதவுக்குக் குறுக்கே நின்றாள். "வேண்டாம் அண்ணி. உள்ள சூடு. உங்களுக்கு ஆகாது."

இந்த அடுப்பறையில் விளையாடி வளர்ந்தவளுக்கா சூடு ஆகாது? யார் காதில் பூச்சுற்றுகிறாள் இவள்? பூதக்கண்ணாடி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மணிக்கூண்டைச் சுற்றி, மாவு மூட்டை இறக்கும் பின்சந்துக்குள் நுழைந்தாள். அனல் வெளியேறுவதற்காகப் பின்கதவு எப்போதும் ஒருக்களித்துத்தான் இருக்கும். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று மூச்சை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

உள்ளே ஒரே ஒரு ஆள். தம்பி.

மேசையில் ஒரு தட்டு நிறைய மாவு உருண்டைகள். தம்பியின் வலது கை மேசை விளிம்பில் கிடந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது. அவன் ஆட்டவில்லை, அதுவாக ஆடியது. அதை இடுப்பால் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையில் பிளேடை வைத்து, உதட்டைக் கடித்தபடி ஒரு கீறல் போட்டான். நின்றான். இரண்டாவது போட்டான். மறுபடி நின்றான். மூன்றாவது கோணலாகப் போனதும் மாவை எடுத்து உருட்டிப் பழையபடி வைத்தான்.

எத்தனை நேரம் நின்றாளோ. அனல் முகத்தில் அடித்தது. அவன்தான் திரும்பிப் பார்த்தான். சட்டென்று வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான், திருடிவிட்டுப் பிடிபட்டவனைப் போல.

"எத்தன நாளா?" என்றாள்.

"ஆறு மாசம்." பிளேடைக் கீழே வைத்தான். "நரம்புல பிரச்சனையாம். இதுவும் போகப்போக இப்படி ஆகலாம்னு டாக்டர் சொல்றாரு." இடது கையைக் காட்டினான். "அதான், கையெழுத்துன்னு ஒண்ணு போட முடியறப்பவே அவ பேருக்கு மாத்திடலாம்னு..."

"அந்தத் தாள்ல போட்டது நீயா?"

"நாந்தான். பழைய கையெழுத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நாலு நாள் பழகினேன். அப்படியும் கேவலமாத்தான் வந்துது."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

அவன் மாவுத் துணியை எடுத்து உருண்டைகள் மேல் போர்த்தினான்.

"அப்பாவுக்குக் கை விழுந்ததுக்கு அப்புறம் லாக்கர் திறக்க உங்க பேங்குக்கு வந்தாரே, ஞாபகம் இருக்கா? நாந்தான் கூட்டிட்டு வந்தேன். அவர் போட்ட கையெழுத்தப் பாத்துட்டு, ஒத்துப்போகலன்னு நீதான் திருப்பி அனுப்பின. சட்டம் அப்படி, நான் குத்தம் சொல்லலக்கா. ஆனா வீடு வர்ற வரைக்கும் அப்பா ஒரு வார்த்தை பேசல. என் பொண்ணுக்கே என்னை அடையாளம் தெரியலன்னு ராத்திரி அம்மாகிட்ட சொன்னாரு. என்னால அதைத் தாங்க முடியாதுக்கா. அதான் சொல்லாதன்னு அவகிட்ட சத்தியம் வாங்கினேன்."

பூதக்கண்ணாடிக்கு நினைவிருந்தது. நன்றாகவே நினைவிருந்தது. பணி ஓய்வு விழாவில் மைக் பிடித்து அவளே சொன்ன கதைதான் அது. பெற்ற தகப்பனுக்குக்கூட விதியைத் தளர்த்தாதவள் நான் என்று சொல்லி முடித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா அம்மாவிடம் சொன்னது அவளுக்கு இன்றுதான் தெரியும். வெட்கமாக இருந்தது. அங்கேயே மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

சத்தம் கேட்டுத் தம்பியின் மனைவி உள்ளே ஓடிவந்தாள். அண்ணியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், விஷயம் புரிந்ததும் அடக்கி வைத்ததெல்லாம் உடைந்து அழ ஆரம்பித்தாள். "பொய் சொல்லிட்டேன்னு தப்பா நினைக்காதீங்க அண்ணி. எனக்கு வேற வழி தெரியல."

அழுகிறவள் முன்னால் மனு கொடுத்ததைச் சொல்வதா? ஆனாலும் நாளைக்கு நோட்டீஸ் வந்துவிடுமே.

"நீ அழாத. அழ வேண்டியவ நான். நீ போலிக் கையெழுத்துப் போட்டுட்டன்னு காலையில ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன்."

தம்பி அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் மனைவி கண்ணைத் துடைத்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள் பூதக்கண்ணாடி, வந்தது.

"இருபது வருஷமா நான் கொடுக்கற காபிய மோந்து பாத்துட்டுதான் குடிக்கறீங்க. எனக்குத் தெரியாதா அண்ணி? அவருக்காகப் பொறுத்துக்கிட்டேன். இப்ப என்னைத் திருடின்னு எழுதியே கொடுத்துட்டீங்க." மேலாடையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினாள். "எந்திரிங்க. நானும் வரேன். என் எதிர்ல வாபஸ் வாங்குங்க."

கல் பாவிய தெருவில் இருவரும் முன்னும் பின்னுமாக நடந்தார்கள். கடிகாரக்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார்.

குமாஸ்தா மனுவைத் தேடி எடுத்து, வாபஸ் படிவத்தை நீட்டினார். "காரணம்னு ஒரு இடம் இருக்கு பாருங்க. அதை எழுதினாதான் வாங்குவோம்."

பூதக்கண்ணாடி பேனாவைத் திறந்தாள். உண்மைக் காரணம் அவளுக்குச் சாதகமானது. தம்பிக்குக் கை நடுங்குகிறது, இடது கையால் போட்டான், நான் வேறு கை என்று சொன்னது சரிதான். எழுதினால் அவள் மானம் தப்பும். ஆனால் அந்த ஒரு வரி கோப்பில் ஏறிவிட்டால், டாக்டர் சான்றிதழ் கொண்டுவா, அவர் சுயநினைவோடுதான் போட்டாரா, நிரூபி என்று தம்பியை நடையாய் நடக்க வைப்பார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் அவன் நடுங்கும் கையை மறைத்துக்கொண்டு நிற்பான். அந்தப் பக்கம் தன்னைப் போல் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.

கையெழுத்தை நான் தப்பாகப் பார்த்துவிட்டேன், இது என் தம்பியுடையதுதான் என்று எழுதினாள். தம்பியின் மனைவி எட்டிப் படித்துவிட்டு, "அண்ணி, அப்படி இல்லையே, நீங்க..." என்று ஆரம்பித்தாள். பூதக்கண்ணாடி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

குமாஸ்தா படித்துவிட்டுச் சிரித்தார். "என்னம்மா, காலையில இருபத்தெட்டு வருஷ அனுபவம்னு அவ்வளவு அடிச்சுச் சொன்னீங்க? வயசானா கண்ணு அப்படித்தான்."

"ஆமா சார்" என்றாள் அவள். "கண்ணு சரியில்ல."