அஷ்டமி நவமியும் பனிக்குடச் சவ்வும்

எங்கள் ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்கு மேலே ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. வெளியூர் விஞ்ஞானிகள் வந்தால் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தில்லை நகரில், ஒரு ஆஸ்பத்திரி மாடியில் உட்கார்ந்து பனிக்குடச் சவ்வை ஆராய்கிறவளுக்கு ராகு காலம் தெரியாவிட்டால் வேலை ஓடாது.

வயிற்றில் குழந்தை மிதக்கிற பனிக்குடத்தின் உள்பக்கத்துத் தோல்தான் அந்தச் சவ்வு. வெங்காயத்தின் உள்தோல் போல மெல்லியதாக, கண்ணாடியாக இருக்கும். ரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. புண்ணின் மேல், கண்ணில் பட்ட புண்ணானாலும், போர்த்தினால் அழற்சியைத் தணிக்கும், தழும்பைக் குறைக்கும், புதுச் செல்கள் ஊர்ந்து வர இடம் கொடுக்கும். வேறொருவரிடமிருந்து வந்தது என்று நம் உடம்பும் அதனோடு பெரிதாகச் சண்டைக்குப் போகாது. நஞ்சுக்கொடியோடு சேர்ந்து தூக்கிப் போடுகிற ஒன்றுக்கு இத்தனை சாமர்த்தியம். பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால், "இப்ப மட்டும் அது வேண்டாமே" என்று என் கணவர் கையெடுத்துக் கும்பிடுவார்.

பனிக்குடம் தானாக உடைந்த பிரசவத்தில் கிருமி தொற்றியிருக்கலாம். அதனால் முன்கூட்டியே நாள் குறித்துச் செய்கிற சிசேரியனிலிருந்துதான், தாயின் சம்மதத்தோடு, ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு எடுப்போம். ஆனால் நம் ஊரில் நாள் குறிப்பது டாக்டர் மட்டுமா? ஜோசியரும் சேர்ந்துதான். முகூர்த்த நாளென்றால் கீழே பிரசவ வார்டில் இடம் இருக்காது, நான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அஷ்டமி, நவமி வந்துவிட்டால் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

இந்தத் தொல்லை தாங்காமல்தான் சவ்வைச் சேமித்து வைக்கிற ஆராய்ச்சியில் இறங்கினேன். உறைகுளிரில் மாதக்கணக்கில் கிடந்த பிறகும் அது தன் வேலையைச் செய்யுமா என்பதுதான் கேள்வி. சோதனைத் தட்டில் செய்தது. அதன் மேல் செல்கள் ஜோராக வளர்ந்தன. நோயாளிகளுக்கு வைத்துப் பார்க்க நெறிமுறைக் குழுவும் அனுமதி கொடுத்தது. எங்கள் கண் டாக்டர் மட்டும் மசியவில்லை. அவருக்கு அன்றன்று எடுத்த சவ்வுதான் வேண்டும். "தட்டுல வளரும்மா, கண்ணுல வளரணுமே" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு அஷ்டமியன்று உறையூரிலிருந்து வெள்ளையடிக்கிற ஒருவரை ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். தண்ணீரில் போட்ட சுண்ணாம்பு கொதித்து வலது கண்ணில் தெறித்துவிட்டது. இடது கண் சிறுவயதிலேயே போனது. அவருக்கு இருந்தது அந்த ஒரு கண்தான். கழுவு கழுவென்று கழுவிவிட்டு டாக்டர் எனக்குப் போன் செய்தார்.

"இன்னிக்கு சிசேரியன் ஏதாவது இருக்கா?"

"அஷ்டமி சார்."

"நாளைக்கு?"

"நவமி. அதுக்கு மறுநாள் கரிநாள்."

நாள் கடத்தினால் கருவிழி தழும்பேறிவிடும் என்பது இருவருக்கும் தெரியும்.

"சரி, உங்க சரக்கைக் கொண்டாங்க" என்றார்.

இந்த வார்த்தைக்காக எத்தனை மாதம் காத்திருந்தேன். கேட்டதும் உறைபெட்டியைத் திறந்தேன். சவ்வுக்கு இரண்டு பக்கம் உண்டு. பஞ்சால் தொட்டால் ஒரு பக்கம் நூலாக ஒட்டி வரும், அந்தப் பக்கம்தான் கண்ணில் படிய வேண்டும். கைப்பழக்கமான சோதனைதான், அன்று மூன்று முறை தொட்டுப் பார்த்துத்தான் டாக்டரிடம் கொடுத்தேன். வெளியே வந்தபோது வெள்ளையடிக்கிறவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பார்வை வந்துருமா மேடம்?" என்று கேட்டார். "வரணும்மா" என்றேன்.

சில வாரங்கள் ஓடின. கருவியில் அந்தக் கண்ணை வெகுநேரம் பார்த்த டாக்டர், நாற்காலியை விட்டு எழுந்து என்னை உட்காரச் சொன்னார். பார்த்தேன். கருவிழியின் மேல் புதுத் தோல் ஓரத்திலிருந்து நடுவரை மூடியிருந்தது. "வளர்ந்துருக்கும்மா" என்றார். வாழ்க்கையில் எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன், எதற்கும் எனக்கு இப்படித் தலை கனத்ததில்லை. இன்றும் இறங்கவில்லை, இறக்குவதாகவும் இல்லை.

அந்தச் சவ்வு எந்தக் குழந்தையுடையது என்று வெள்ளையடிக்கிறவர் என்னிடம் கேட்டார். சொல்லக் கூடாது என்பது விதி, அதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்து, நெற்றி நிறைய விபூதியோடு ஆய்வக வாசலில் வந்து நின்றார். கையில் வாழைப்பழமும் தேங்காய் மூடியும்.

"மலைக்கோட்டை போயிட்டு வரேன் மேடம். தாயுமானவருக்கு அர்ச்சனை. குருக்கள் பேரு, நட்சத்திரம் கேட்டாரு. தெரியாது சாமி, இந்த ஊர்ல பொறந்த குழந்தைன்னேன். எந்தக் குழந்தைன்னாரு. எல்லாக் குழந்தைக்கும் பண்ணிருங்கன்னுட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க வேறு பேச்சு எடுத்தேன்.

"அவ்வளவு படி ஏறியிருக்கீங்களே, கூட யார் வந்தாங்க?"

"யாரும் வரலை மேடம்" என்றார். "படிதான் நல்லாத் தெரியுதே."