கூன்வண்டு இல்லாத தோப்பு

எனக்கு ஒன்பது வயதானபோது அப்பா வேலை பார்த்த தோட்டத்தில் பூச்சிகள் தின்பதற்கென்றே மரம் வளர்த்தார்கள். தில்லியின் விளிம்பில், நஜஃப்கர் பக்கம். பல தாய் மரங்களிலிருந்து எடுத்த தைலமரக் கன்றுகளைக் கலந்து நட்டிருந்தார்கள். மழை தொடங்கியதும் சாம்பல் நிறக் கூன்வண்டுகள் வந்து இலை ஓரங்களைக் கொறிக்கும். எந்த மரத்தை அவை சீந்தாமல் விடுகின்றன என்று பார்ப்பதுதான் அப்பாவின் வேலை. மருந்து அடிக்கக் கூடாது, வண்டைப் பொறுக்கக் கூடாது, பாவம் பார்க்கக் கூடாது. எனக்கு மூன்றாவதுதான் முடியவில்லை.

இரண்டு மழைக்காலங்களில் சில மரங்கள் மட்டும் கடிபடாமல் நின்றன. மூன்றாவது மழையையும் அவை தாங்கிவிட்டால் அவற்றிலிருந்து கன்றுகள் எடுக்கலாம்; திட்டம் நீளும்; அப்பாவின் ஒப்பந்த வேலையும் நீளும். அதை முடிவு செய்யப் பெரிய அதிகாரி வருவதாகத் தகவல் வந்த வாரம், அப்பா டெங்குவில் படுத்துவிட்டார்.

ஆர்.கே.புரத்தில் சித்தப்பாவின் அரசுக் குவார்ட்டர்ஸில்தான் நாங்களும் ஒண்டியிருந்தோம். அதிகாரிகள் வரும் இடங்களைப் பளிச்சென்று ஆக்கிவைப்பது சித்தப்பாவின் உத்தியோகம். தோட்டத்துச் சாவியைக் காவலாளியிடம் கொடுக்கப் போனவர் என்னையும் கூட்டிப்போனார்.

"ஐயய்யோ, இலையெல்லாம் கொசுவலை மாதிரி இருக்கு! பெரிய சாப் இதப் பாத்தா அண்ணன் வேலை காலி."

மருந்தடிக்க ஆள் அனுப்பப் போவதாகச் சித்தப்பா சொன்னதும், மனா ஹை, கூடாது என்று காவலாளி தடுத்தார். "மனாவாம், மனா! இன்ஸ்பெக்‌ஷன்னா என்னன்னு தெரியுமா இவனுக்கு?" என்று சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "அப்பாகிட்ட மூச்சு விடாதே. எந்திரிச்சு வந்து பாக்கட்டும்."

மறுநாள் சித்தப்பாவின் ஆட்கள் வந்து மருந்தடித்தார்கள். வண்டுகள் காலை மடக்கிக்கொண்டு உதிர்ந்தன. தொட்டால் செத்ததுபோல் நடிக்கிற ஜாதி அது. எழுந்திருக்கும் என்று குந்தி உட்கார்ந்து பார்த்தேன். எழவில்லை. எட்டும் உயரம்வரை கடிபட்ட இலைகளை உருவினார்கள். அடிமரங்களுக்குக் காவி பூசி, மேலே வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு பட்டை. அதிகாரியின் வருகை தள்ளிப்போக, அதற்குள் எல்லா மரங்களிலும் தளிர் வந்துவிட்டது. அவ்வளவு அழகான தோப்பை நான் பார்த்ததில்லை.

அதிகாரி வந்த அன்று அப்பா சட்டை தொளதொளக்க வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு மரம் மரமாகப் போய் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தார். கையெல்லாம் காவி.

"பகுத் படியா! பிரமாதம்! இங்கே பூச்சித் தொல்லையே இல்லையே" என்றார் அதிகாரி.

மருந்து அடித்துவிட்டார்கள், எந்த மரம் தாங்கியது என்று இந்த ஆண்டு சொல்ல முடியாது என்றார் அப்பா. யார் அடித்தது என்று சொல்லவில்லை. அதிகாரி அவர் தோளைத் தட்டிச் சிரித்தார். "மருந்தே போதும் என்றால் தாங்கும் மரம் எதற்கு?" என்று கேட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

குளிர் தொடங்குமுன் திட்டத்தை மூடினார்கள். தாங்கிய மரம், தாங்காத மரம் எல்லாம் வெட்டுப்பட்டுச் சாரக்கம்பங்களாக ஒரே லாரியில் போயின. அப்பா கரோல் பாகில் ஒரு கடையில் பில் போடப் போனார். பூச்சியைப் பற்றி அதன்பின் அவர் பேசிக் கேட்டதில்லை.

அதிகாரி வந்துபோன மாலை சித்தப்பா ஜிலேபி வாங்கிவந்தார். "சாப் சிரிச்சாரு பாத்தியா அண்ணே? நான் மட்டும் போகலேன்னா மானம் போயிருக்கும்." அப்பா, "ஆமாடா" என்றார். ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

தின்னக் கொடுத்த மரங்களையெல்லாம் காப்பாற்றியவருக்கு ஒரு நன்றி சொல்லத் தெரியவில்லையே இவருக்கு என்று எனக்கு வெட்கமாக இருந்தது. என் பங்கு ஜிலேபியையும் எடுத்துச் சித்தப்பாவின் தட்டில் வைத்தேன்.